இரண்டு வீடு, ஒரு குக்கர்

போன மாதம் மகன் கோத்தகிரியில் ஒரு வீடு வாங்கினான். கோயமுத்தூரில் குடியிருக்க ஒன்று, இது லீவுக்குப் போய் இருக்க. "அம்மா, கைய வீசிட்டு வாங்க. எல்லாமே இன்னொரு செட் வாங்கிப் போட்டாச்சு" என்றான். போய்ச் சமையலறையைப் பார்த்தேன். உண்மைதான். கோயமுத்தூரில் இருக்கிற அதே மிக்ஸி, அதே தோசைக்கல், அதே அளவில் குக்கர். அட்டைப்பெட்டி வாசம்கூடப் போகவில்லை. குக்கரை எடுத்தவள், என்னை அறியாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் சிரித்தாள். நான் ஒரு குக்கரை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை மைல் பஸ்ஸில் போயிருக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூறு வாக்கில் எங்களுக்கும் இரண்டு வீடு இருந்தது என்றால் நம்புவீர்களா? பெருமைக்குச் சொல்லவில்லை. ஒன்று, அவிநாசிபாளையத்தில் பஸ் இறங்கி இரண்டு மைல் நடந்தால் வரும் ஊரில் சொந்த ஓட்டு வீடு. கிணறு வற்றியதும் அப்பா திருப்பூருக்குப் பனியன் துணி வெட்டுகிற கட்டிங் வேலைக்கு வந்தார். அங்கே ஏழு வீடு வரிசையாக இருந்த லைனில் வாடகைக்கு ஒரு அறை. அது இரண்டாவது. பத்தாவது முடித்ததும் நான் பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குச் சேர்ந்தேன். யாராவது பேச்சுக் கொடுத்தால், துணியில் ஓட்டை தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன். கூச்சக்காரிக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

வீடுதான் இரண்டு. சாமான் ஒரு செட்தான். "நாம ஒரு நேரத்துல ஒரு ஊட்டுலதான இருக்கறோம், சாமான் எதுக்கு ரெண்டு?" என்பாள் அம்மா. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கியதும் ஸ்டவ், டேபிள் ஃபேன், பாத்திரம் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தாராபுரம் பஸ் ஏறுவோம். திங்கட்கிழமை காலை அதே மூட்டையோடு திரும்புவோம். குக்கர் என் பொறுப்பு. அதற்குள் உப்பு, புளி, சீப்பு, என் வளையல் டப்பா. ஃபேன் அப்பா மடியில். பஸ் வேகமெடுத்தால் ஜன்னல் காற்றில் அது தானாகச் சுற்றும்.

"ஏனுங்க, ஃபேனுக்கு அரை டிக்கெட் போட்டுரட்டுங்களா?" என்பார் கண்டக்டர்.

"போடுங்க. ஆனாக் காத்து வாங்கற எல்லார்த்துகிட்டயும் நாங்களும் காசு கேப்போம்" என்பார் அப்பா.

பஸ் முழுக்கச் சிரிக்கும். நான் குக்கர் மூடியைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். திருப்பூர் தாண்டியதும் துணி வெளுக்கிற பிளீச்சிங் நெடி போய்ச் சோளத்தட்டு வாசம் வரும். பாதி வீடு வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் கல்யாணப் பேச்சு வந்தபோது இந்த இரண்டு வீடுதான் வினையாகிவிட்டது. முதலில் வந்தவர்கள், "திருப்பூர்ல வாடகைக்குத்தான இருக்கறாங்க" என்று போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்கள், "ஊர்ல ஊடு பூட்டியே கெடக்குது" என்று போய்விட்டார்கள். மூன்றாவதாகச் சோமனூரிலிருந்து ஒரு வரன். இதுவும் தட்டிப்போகக் கூடாது என்று அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. போட்டோவில் அவருக்குக் காது கொஞ்சம் பெரிது. எனக்குப் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் வீட்டுக்குப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. வீடு நிறைந்து தெரியட்டும் என்று அந்தச் சனிக்கிழமை அம்மா லைன் அறையிலிருந்த பாய், காலண்டர், கடைசியில் பல்பைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் உட்காரவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்து, என் கையிலிருந்ததைக் காட்டி, "இதுதானா அந்தக் குக்கரு?" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நேத்துப் பொழுதோட உங்க லைனுக்குப் போயிருந்தனுங்க" என்றார் அம்மாவிடம். பெண் எடுக்குமுன் அக்கம்பக்கத்தில் சொல்லாமல் போய் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். "சன்னல்ல எட்டிப் பாத்தா ஒரு டம்ளர் இல்லீங்க. பல்புகூட இல்லீங்க! ராவோட ராவா ஊட்டக் காலி பண்ணீட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

மூன்றாவதும் போச்சு என்று நினைத்தேன்.

"அப்புறம் பக்கத்து ஊட்டுத் திருநெல்வேலிக்காரம்மாதான் சொன்னாங்க." அந்த அக்கா பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினார்: "'அவிய எங்கயும் ஓடிப் போவலக்கா. சனிக்கிழமை வீட்டைத் தூக்கிட்டுப் போயிருவாவ, திங்கக்கிழமை தூக்கிட்டு வந்துருவாவ.' எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப் போச்சுங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எத்தன வருசமாக் கண்ணு இதத் தூக்கற?"

"அஞ்சு வருசங்க."

"கை வலிக்காதா?"

"சீட்டுக் கெடச்சா வலிக்காதுங்க."

கூடத்தில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். எட்டிப் பார்த்தேன். பெரிய காதுக்காரர்.

"ஒரு செட்டுச் சாமான வெச்சு ரெண்டு ஊடு நடத்தற புள்ள. எங்க ஒத்த ஊடு இவளுக்கு எம்மாத்தரம்? பூவ எடுங்க" என்றார் மாமியார். தலையில் பூ வைக்கும்போதும் நான் குக்கரைக் கீழே வைக்கவில்லை.

அதையே அம்மா எனக்குச் சீராகக் கொடுத்துவிட்டாள். அப்பா, வீட்டுக்கு ஒன்றாக, இரண்டு புதுக் குக்கர் வாங்கினார். பிறகு ஃபேனும் இரண்டாயிற்று. மூட்டை சிறுத்தது. போக்குவரத்தும் சிறுத்தது. தூக்க ஒன்றும் இல்லை என்றதும், போகவும் ஒன்றும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. இன்று லைன் வீடுகளை இடித்த இடத்தில் ஒரு கம்பெனியின் வண்டிகளை நிறுத்துகிறார்கள். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது. உள்ளே ஒரு குக்கர் இருக்கிறது, அதிகம் விசில் அடிக்காதது.

கோத்தகிரியிலிருந்து கிளம்பும்போது மகன் கதவைப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு நடந்தான். நான் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.

"என்னம்மா மறந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

காரில் ஏறியதும் எங்கள் வீட்டுக்காரர் காலையில் வாங்கிய கேரட் பையைத் தூக்கி என் மடியில் வைத்தார். "இந்தா, புடிச்சுக்க. இல்லீன்னா உனக்கு ஊடு போய்ச் சேந்த மாதிரியே இருக்காது" என்றார்.

கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். நல்ல காற்று. டிக்கெட் கேட்கத்தான் யாரும் இல்லை.