இறால் குளத்தில் இரண்டு ஞாயிறு

சென்ற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒருவர் என்னை நன்றாகத் திட்டினார். நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். திட்டு முழுவதையும் எழுத நோட்டில் இடம் போதவில்லை...

திட்டியவர் காதர் பாய். கெலாங் பாத்தா கடலோரச் சதுப்பில், எங்கள் எஸ்டேட்டுக்குச் சொந்தமான நிலத்தில், இறால் குளம் வைத்திருப்பவர். கோபத்துக்குக் காரணம் - நான் எழுதிய அரைப் பக்க அறிக்கை.

தொழிலாளர் லயத்தில் காய்ச்சல். எஸ்டேட் ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் எங்கள் டிரசருக்குக் குளத்தின் மேல் சந்தேகம். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான என்னிடம் பொழுதுபோக்குக்கு ஒரு பழைய மைக்ராஸ்கோப் உண்டு.

"ஒரு பாட்டில் தண்ணி எடுத்துப் பாருங்க கிராணி. கெட்ட தண்ணின்னா குளத்தையே மண்ணடிச்சு மூடச் சொல்லித் தொரைக்கு எழுதிடுவேன்" என்றார்.

அதற்கு முந்திய ஞாயிறு காலை, சரியாக ஒன்பது மணிக்குத் தண்ணீர் எடுத்தேன். பாட்டிலில் தேதி, மணி, வெயில், காற்று எல்லாம் எழுதி ஒட்டினேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரே வகைப் பாசி. பச்சை நூல் நூலாக, பின்னிக் கிடந்தது. இடுக்கில் கொசுப் புழு. 'உயிரற்ற தேக்கம்' என்று எழிலாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"ஒரு பாட்டில் தண்ணியில எங்க வீட்டு உலையைக் கவுத்துட்டீங்களே, கிராணியாரே! எட்டு பேரு இந்தக் குளத்தை நம்பித்தான் இருக்கோம்" என்று சென்ற ஞாயிறு பாய் கத்தினார்.

"பார்த்ததைத்தானே எழுதினேன், பாய்?"

"தேதி பார்த்தீங்க, மணி பார்த்தீங்க. பிறை பார்த்தீங்களா? பிறை ஒன்பதுல கடலே சோம்பிப் போய்க் கிடக்கும். தண்ணி மதகையே தொடாது. இன்னைக்கு எடுங்க லா, பார்ப்போம்!"

வீட்டில் பஞ்சாங்கம் இருக்கிறது. சவரம் செய்துகொள்ளக்கூட நாள் பார்க்கிறேன். கடல் தண்ணீர் எடுக்கத் திதி பார்க்கத் தோன்றவில்லை!

அன்று பௌர்ணமியை ஒட்டிய நாள். பாக்காவ் எனும் அலையாத்தி மரங்களின் வேர்க்கால்களை மூடிக்கொண்டு கடல் ஏறி, திறந்த மதகு வழியே குளத்துக்குள் இரைந்து கொண்டிருந்தது. மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து வரப்பிலேயே வைத்து ஒரு சொட்டைப் பார்த்தேன்.

படகு போல, சீப்பு போல, நாணயம் போல, சங்கிலி போல... கண்ணாடி ஓடு போர்த்திய நுண்பாசிகள். பன்னிரண்டு வகை வரை எண்ணி விட்டுவிட்டேன். பாயும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

"அலமாக்! இத்தனை பேரா என் குளத்துல? ஒருத்தன்கூட சலாம் சொன்னதில்லையே!"

ஒரே குளம்தான். தண்ணீர் போக வர இருந்தால் எல்லோரும் வருகிறார்கள். தேங்கி, வெயிலில் காய்ந்து, உப்பின் அளவு மாறினால், அதைத் தாங்கும் ஒன்று மட்டும் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மதகை அடைத்துக்கொள்ளும் ஊர்களும் இப்படித்தானோ? எனக்குத் தெரியாது. நான் பார்த்தது இறால் குளம்.

திங்கட்கிழமை டிரசரிடம் போய், அறிக்கை அரைகுறை என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப எந்தப் பாட்டிலை நம்புறது நான்?"

"ரெண்டையும்தான். புழுவும் நிஜம், கடல் வந்து கழுவுறதும் நிஜம். மோசம், கடல் ஏறாத அந்த நாலஞ்சு நாள்தான்."

முணுமுணுத்தார். கடைசியில் குளத்தை மூடும் பேச்சை விட்டார். அலை ஏறாத நாட்களில் பாசியை வாரிக் கரையில் போட வேண்டும்; தவறினால் மண்தான் என்றார்.

பாய் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "அறிக்கை எழுதினவரும் வந்து வாரணும்."

மூலைகளில் ஒதுங்கிக் கிடந்த மிச்சப் பாசியை வாரப் புதனன்று மாலை போனேன். முட்டளவு சேற்றில் நின்று, மூங்கில் கழியால் ஒரு சுற்று சுற்றி இழுத்தேன்.

கண்ணாடிக்கு அடியில் மயிரிழையாகத் தெரிந்த பாசிதான்... அம்மாடி, என்ன கனம்!