நைனா வாங்கிய அடிகள்

"ஸ்கோர் இன்னா?"

எதிரணிக்காரரின் முழங்கால் நெற்றிப்பொட்டில் பட்டு மண்ணில் அசையாமல் கிடந்த என் நைனா, யாரோ முகத்தில் சோடாவை அடித்ததும் எழுந்து உட்கார்ந்து கேட்டது இதைத்தான். கூட்டம் கைதட்டியது. அடுத்த ரெய்டுக்கும் அவரே போனார். ஆட்டம் முடிந்து திரும்பும்போது ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளில் முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் வழி நெடுக அதையே கேட்டுக்கொண்டு வந்தார். சொல்வேன், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்பார். விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

செஞ்சியைச் சுற்றி எங்கே கபடி நடந்தாலும் நைனாவைக் கூப்பிடுவார்கள். அடிபட்டு விழுந்தாலும் எழுந்து ஆடுவார் என்பதுதான் அவர் எடுத்திருந்த பெயர். மறுநாள் வெளிச்சம் பட்டால் தலை வலிக்கிறது என்று துண்டால் முகத்தை மூடிப் படுத்திருப்பார். மாலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். அத்தோடு அந்த அடி எங்களுக்கு முடிந்துபோகும்.

ஆட்டத்தை விட்டு வெகு காலம் கழிந்து, அறுபதை எட்டுவதற்குள் அவர் மாறத் தொடங்கினார். நெல் விற்கப் போனவர் வண்டியை மார்க்கெட் கமிட்டி வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். கேட்டதற்கு, "எந்த வண்டி?" என்றார். பிறகு, வண்டிச் சாவியை அம்மா ஒளித்து வைத்திருப்பதாகச் சண்டை. அதுவரை அவளை அதட்டிக்கூடப் பேசாதவர், ஒரு நாள் சாவியைக் கேட்டுக் கையை முறுக்கினார். மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்ட கையோடு அம்மா அவலூர்பேட்டையில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். எலும்பு கோணலாகத்தான் சேர்ந்தது.

நான் நைனாவைப் புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, தலையில் அடிபட்டதுண்டா என்று கேட்டார். கபடியைப் பற்றிச் சொன்னேன்.

"அதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா திரும்பத் திரும்ப அடிபட்டவங்களுக்கு வயசானப்புறம் மூளை இப்படிக் கெட்டுப்போறதுண்டு. அந்தக் கோபம், சந்தேகம் எல்லாம் நோயோட சேர்ந்ததுதான்."

அழுகை வரவில்லை. திண்டிவனத்தில் பஸ் நின்றபோது வாழைப்பழம் வாங்கி உரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டார். தோலை வாங்கி ஜன்னல் வழியே போட்டேன். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

அவலூர்பேட்டைக்குப் போய் டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னபோது அவள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப அன்னிக்கு என் கைய முறுக்குனது அவரு இல்லியா?"

அவள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். மன்னித்துத்தான் வந்தாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

இப்போது நைனாவுக்குக் கோபம் வருவதில்லை. எங்கள் பெயர்களும் வருவதில்லை. அம்மாதான் ஊட்டுகிறாள். போன வாரம் சோற்றைப் பிசைந்து நீட்டியவளின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அம்மாவின் உடம்பு ஒரு கணம் விறைத்தது. அவரோ கட்டைவிரலால் அந்தக் கோணலை மெதுவாகத் தடவினார்.

"இன்னாம்மா ஆச்சு கையி?"

"வுழுந்துட்டேன்."

"பாத்து நடக்கக் கூடாதா?"

"சரி," என்றாள் அம்மா. "வாயத் தொறங்க."