சோட்டா, ஷாட்டா?

எங்கள் வீட்டு வாசற்கதவுக்கு மேலே, உள்பக்க ஆணியில் ஒரு ஹாக்கி மட்டை தொங்குகிறது. பிடியில் சுற்றியிருப்பது ஷூ கம்பெனியில் மிஞ்சிய ஆட்டுத்தோல் துண்டு. சுற்றித் தந்தவன் என் தோஸ்த். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து நான் பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை.

ஆம்பூரில் அந்தக் கம்பெனி டீமில் நானும் அவனும் ஃபார்வர்டு. ஓட்டத்தில் என்னைப் பிடிக்க ஆளில்லை. பிரச்சினை, ஓடிப் போய்ச் சேர்ந்த பிறகுதான். கோலுக்கு முன்னாலிருக்கும் அரைவட்டத்துக்குள் காலை வைத்ததும் வாய் வறளும், தலை தானாகத் தொங்கிப் பந்தோடு ஒட்டிக்கொள்ளும். எதிரே கோல்கீப்பர் இருக்கிறாரா, டீ குடிக்கப் போய்விட்டாரா என்றுகூடப் பார்க்க மாட்டேன். ஓங்கி ஒரே அடி. பந்து முள்புதருக்குள் போகும். போனதும் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவேன், திரும்பி ஓடுவது வேறு யாரோ பார்க்கும் வேலை என்பதுபோல. "இன்னாய்யா, தரையில எதையோ தொலைச்சவன் மாதிரியே ஓடுற? தலையத் தூக்கு. அது ஒண்ணு வந்தா போதும் உனக்கு" என்பார் கோச்.

இதில் மொழியும் சேர்ந்து சதி செய்தது. தோஸ்த் வீட்டில் உருது. என்னிடம் தமிழில்தான் பேசுவான். ஆட்டம் சூடானால் மட்டும் உருது வந்துவிடும். நல்ல இடத்தில் நின்றுகொண்டு "சோட்! சோட்!" என்று கத்துவான். நீ விட்டுவிடு, பந்து எனக்கு வரட்டும் என்று அர்த்தம். ஆம்பூரில் பிறந்தவனுக்குத் தெரியாத சொல்லா? ஆனால் பதறிய காதில் அது "ஷாட்! ஷாட்!" என்று விழும். அவனே சொல்லிவிட்டானே என்று இன்னும் ஓங்கி அடிப்பேன். "வுடுன்னா அடிக்கிறியேடா, பேஜார் புடிச்சவனே!" என்று தலையில் அடித்துக்கொள்வான்.

வாணியம்பாடி டீமோடு அரையிறுதி. இடைவேளை வரை யாருக்கும் கோல் இல்லை. கோச் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இன்னொரு தபா முள்ளுக்குள்ள அடிச்சே, வெளியே குந்திக்க வேண்டியதுதான். ஃபைனல்லயும் நீ கிடையாது." தோஸ்த் என் காதோரம் வந்தான். "மச்சான், இனிமே தமிழ்லயே கத்துறேன். வுடுன்னா வுடு. இன்னா?" சரி என்றேன்.

ஆட்டம் முடியப்போகும் நேரம், வலப்பக்கத்திலிருந்து பந்து வந்தது. அரைவட்டம், வறட்சி, தொங்கிய தலை, எல்லாம் ஆஜர். இடப்பக்கத்திலிருந்து தோஸ்தின் குரல். பதற்றத்தில் அவனும் தமிழில் கத்துவதாகச் சொன்னதை மறந்துவிட்டிருந்தான். சோட்டா, ஷாட்டா? ஓங்கிய மட்டை அப்படியே நின்றது. சத்தியமாகப் புரியவில்லை. அவன் வாயைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்று தலையைத் தூக்கினேன். கோல்கீப்பர் என்மேல் பாய்ந்துகொண்டிருந்தார். காலியான கோலுக்கு எதிரே, கண்ணை உருட்டிக்கொண்டு தோஸ்த். காலை அகட்டிப் பந்தை விட்டேன். அவன் தட்டினான். கோல்.

"தலையத் தூக்கிட்டியேய்யா!" என்று கோச் ஓடிவந்து கட்டிக்கொண்டார். எதற்காகத் தூக்கினேன் என்று அவர் கேட்கவில்லை.

இப்போது எனக்குப் போகிற இடமெல்லாம் அரைவட்டம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலே வாய் வறளும். உடனே தோஸ்தைக் கூப்பிடுவேன். நேற்று சாயங்காலமும் அப்படித்தான். பேரணாம்பட்டு பஸ்ஸில் வரவேண்டிய மகளைக் காணோம், போனும் எடுக்கவில்லை. கூடத்தில் குனிந்தபடி நடந்துகொண்டே, போலீஸுக்குப் போகட்டுமா என்று அவனிடம் கேட்டேன். ஒரே ஒரு சொல் சொன்னான். கடைத்தெரு இரைச்சலில் சரியாக விழவில்லை. போனில் வாயும் தெரியாது. வேறு வழியில்லாமல் தலையைத் தூக்கி மட்டையைப் பார்த்தேன்.

அதற்கு நேர் கீழே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தாள் மகள். "நான் வந்து எவ்ளோ நேரமாவுது, தரையையே பாத்துக்கினு யாரைப்பா தேடுற?"