அசையாத இருபத்தெட்டு

புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கொட்டகைகள், கொட்டகைக்கொரு புரோகிராம். அவை சொல்லும் சூட்டுக்கேற்ப சர்வர் என்ற மையக் கணினி ஃபேனை ஓட்டும். அதனிடம் பேச இரண்டுக்கும் பொதுவாக ஒரு டோக்கன், நுழைவுச் சீட்டு மாதிரி ஒரு ரகசியக் குறியீடு. மணிக்கொரு தடவை பழையதைக் கொடுத்துப் புதியது வாங்க வேண்டும்; பழையது அதோடு செல்லாது.

சித்திரை மாத மதியம், பண்ணை ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். பண்ணைக்கார அம்மா வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, கோழி ஒண்ணுகூட கத்தக் காணோமுங்க?"

திரையைப் பார்த்தேன். "இருபத்தெட்டு டிகிரிதாங்க இருக்குது."

கொட்டகைக்குள் போனதும் வெக்கை முகத்தில் அடித்தது. ஃபேன்கள் நின்றிருந்தன. ஆயிரக்கணக்கான கோழிகள் வாயைப் பிளந்தபடி, சத்தமே இல்லாமல் எங்களைப் பார்த்தன. அம்மா ஓடிப்போய்ப் படுதாவைத் தூக்கினார், தண்ணீர் அடித்தார். பல கோழிகள் எழவேயில்லை.

ஆபீஸுக்குத் திரும்பிப் பதிவுகளைப் பார்த்தேன். இரண்டு புரோகிராமும் ஒரே நொடியில் அந்த டோக்கனை நீட்டியிருக்கின்றன. முதலாவதற்குப் புதியது கிடைத்தது. செல்லாததை நீட்டிய இரண்டாவதைத் திருடன் என்று நினைத்து, சர்வர் இரண்டையும் வெளியே தள்ளிவிட்டது; சூடு எவ்வளவென்று சொல்ல ஆளில்லாமல் ஃபேன்களும் நின்றுவிட்டன. தொடர்பு அறுந்தால் கடைசி எண்ணையே காட்டு என்று எழுதியவன் நான்.

"நெட்டு போயிருச்சுங்க" என்று பொய் சொன்னேன்.

அவர் திரையையே பார்த்தார். "அப்ப இத்தன நேரம் இருபத்தெட்டுன்னு சொன்னது யாருங்க?"

இப்போது ஒரு புரோகிராம் டோக்கன் வாங்கும்வரை மற்றது காத்திருக்கிறது. கிடைக்காவிட்டால் மணி அடிக்கும். ஆனாலும் திரையில் ஓர் எண் வெகுநேரம் அசையாமல் நின்றால், எழுந்து போய்க் கொட்டகை வாசலில் காது கொடுக்கிறேன்.