பெரியவர் ஏறிப் பார்த்த பந்தயக் கார்

இரண்டு வெள்ளைக் காளைகள் ஒரு பந்தயக் காரை இழுத்துக்கொண்டு என் கராஜை நோக்கி வந்த காட்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சிவப்புக் கார், நிலத்தோடு படிந்தது, இரண்டே பேர் இருக்கலாம். மூக்கு முழுக்க வாய்க்கால் சேறு. கயிற்றைப் பிடித்தபடி முன்னால் நடந்தவர் முரசுமோட்டைப் பெரியவர். உள்ளே உடம்போடு ஒட்டிய நனைந்த சேட்டோடு ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மருமகன், கிளிநொச்சி மருந்துச்சாலையில் வைத்தியம் பார்க்கும் அப்போத்திக்கரி ஐயா. பரந்தன் சந்தியில் நின்ற சனம் எல்லாம் பின்னால் வந்தது. பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"தம்பி, இதை உடைச்சுப் பழைய இரும்புக்குக் குடுக்க ஏலுமோ?"

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது உண்மையான பந்தயக் கார் அல்ல. வெளியூர்ப் புத்தகம் ஒன்றில் வந்த படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு பழைய வீட்டுக் காரின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன் மேல் யாழ்ப்பாணத்தில் அலுமினியத் தகடு அடித்து, அப்போத்திக்கரி ஐயா செய்வித்த நகல். புதுக் கார் இறக்குமதி இல்லாத காலம் அது. ஆசை உள்ளவன் செய்துதான் ஓட வேண்டும். பார்வைக்கு அச்சு அசல். ஆனால் ஓட்டம் புலி, பிடிப்பு பூனை. பழைய காரின் கம்பி இழுக்கும் பிறேக்கும் ஒல்லிச் சில்லுகளும் அப்படியே கிடந்தன. முரசுமோட்டை வளைவில் மாடு ஒன்று குறுக்கே வர, ஐயா பிறேக்கை மிதித்திருக்கிறார். கார் அதைக் கேட்கவில்லை; நேரே வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது.

அவர் அன்று போனது மனைவியைப் பார்க்க. தலைப்பிள்ளைப் பேறு என்று மனைவி தன் தகப்பன் பெரியவரின் வீட்டுக்கு வந்து நிறைமாதமாக இருந்தார். பெரியவர் என் கராஜ் வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "என்ரை பிள்ளையும் பேரப்பிள்ளையும் உதிலை ஏறாயினம். பிள்ளை பிறந்து துடக்குக் கழிய நானே வண்டியிலை கொண்டுவந்து விடுவன். நீர் காரிலை தனியப் போம்." சொல்லிவிட்டுக் காளைகளை அவிழ்த்துக்கொண்டு நடந்தார். அப்போத்திக்கரி ஐயா எண்ணெய்ப் பீப்பா ஒன்றின் மேல் அப்படியே இருந்துவிட்டார். "என்ரை பிள்ளையை நான் என்ரை காரிலை வீட்டை கொண்டுபோக வேணும். வேறை ஒண்டும் வேண்டாம். உம்மாலை ஏலுமோ?" என்று கேட்டார்.

என்னால் ஏலாதது எது? நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் இரணைமடுவிலிருந்து மாங்குளம் வரை என் கை படாத இயந்திரம் அந்தக் காலத்தில் இருக்கவில்லை. உழவு மெசினில் இருந்து அரிசி ஆலை வரைக்கும் என்னைத்தான் தேடுவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான் என்றாலும் உண்மை. காரைத் தூக்கி வைத்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது: பிறேக்கை மட்டும் மாற்றி வேலை இல்லை. கவிழ்ந்து கிடந்த வான் வண்டி ஒன்றிலிருந்து ஹைட்றோலிக் பிறேக் எடுத்தேன். ஒருக்கால் மிதித்தால் நாலு சில்லையும் ஒரே அளவாகப் பிடிப்பது. ஆனால் சில்லோடு சுழலும் அதன் ட்ரம் பெரிது, பழைய சில்லுக்குள் அடங்காது. ஆகவே சில்லும் மாற வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவரின் கொட்டிலுக்குள் கம்பிச் சில்லு ஐந்து தூசி பிடித்துக் கிடப்பதாக அறிந்து, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தேன். சைக்கிள் சில்லு மாதிரி, ஆனால் தடித்த கம்பிகள். அச்சு முனைகளைக் கடைசல் பிடித்து அவற்றுக்குப் பொருத்தினேன். இறக்கி வைத்தபோதுதான் அந்தக் கார் படத்தில் இருந்த காராக மாறியது. ஐயா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

இதற்கிடையில் பெண் குழந்தை பிறந்து துடக்கும் கழிந்துவிட்டது. அழைத்துவரப் போகும் நாளில் என்னையே காரை ஓட்டிக்கொண்டு கூட வரச் சொன்னார். முரசுமோட்டை ஒழுங்கைப் பாதையில் இறங்கியதும் சில்லுகள் கீச்சிட்டன. பிறேக்குக்குள் உரசுகிற புது லைனிங் அப்படித்தான். நாலு நாள் ஓடினால் தன்பாட்டில் அடங்கிவிடும். பெரியவர் வீட்டு வேலிப் படலைக்கு முன்னால் மிதித்தேன். கார் பெரிதாக ஒரு கீச்சுப் போட்டு அசையாமல் நின்றது. பெரியவர் வீட்டு முன் மாலுக்குள் நின்று பார்த்தார். வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. முற்றத்தில் இரட்டைமாட்டு வண்டி கழுவித் துடைத்து, உள்ளே வைக்கலும் பாயும் விரித்துத் தயாராக நின்றது.

சாப்பிட்டு வெளியே வந்தோம். ஐயாவின் மனைவி குழந்தையோடு வாசலில் நின்று, காரையும் வண்டியையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். காரைப் படலைப் பக்கம் திருப்பி விடலாம் என்று நான் ஏறினேன். திருப்பினேன், மிதித்தேன். பிறேக் மிதி கல்லு மாதிரி இறுகி நின்றது; கார் நிற்கவில்லை. கோழிகள் பறக்க, நேரே போய் வைக்கல் போருக்குள் மூக்கைக் குத்தியது.

"பாத்தியளே!" என்றார் பெரியவர். "உதைத்தானே நான் அண்டைக்கே சொன்னனான். பிள்ளை, வண்டியிலை ஏறு."

நான் வைக்கலைத் தட்டிக்கொண்டு இறங்கினேன். என் பெயர் போகிற நேரம். என் வேலை எனக்குத் தெரியும். சில்லடியில் குந்தினேன். கம்பிகளுக்குள்ளால் எண்ணெய் வழிந்து சொட்டியது. மோந்து பார்த்தேன். இலுப்பெண்ணெய்.

"ஆர் இதுக்கு எண்ணெய் விட்டது?" என்று கத்தினேன்.

"நான்தான்," என்றார் பெரியவர், நிமிர்ந்து நின்று. "நீங்கள் சாப்பிடேக்கை நாலு சில்லுக்கும் விட்டனான். இடுக்குக்குள்ளை நல்லா இறங்கக் குடுத்தனான். மருமோன் கீச்சிடுற வண்டியிலை பெண்டில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் சனம் என்ன கதைக்கும்? சில்லுக்கு எண்ணெய் விட வக்கில்லாத வீடு எண்டு சொல்லாதோ?"

வண்டிக்காரருக்கு அது மானப் பிரச்சினை. வீட்டால் புறப்படுகிற வண்டிக்கு வீட்டுப் பெரியவர் தன் கையால் எண்ணெய் விட்டுத்தான் அனுப்புவார். பிறேக் என்பது உரசிப் பிடிப்பது, அதற்குள் எண்ணெய் போனால் வழுக்கும் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவர் குனிந்து சில்லைப் பார்த்தார். அப்போத்திக்கரி ஐயா மட்டும் சிரிக்கத் தொடங்கினார்.

"மாமா, அப்ப எங்களை உதிலை அனுப்பத்தானே எண்ணெய் விட்டனீங்கள்?"

பெரியவர் சால்வையை உதறித் தோளில் போட்டார். வண்டியைப் பார்த்தார். "படலையடியிலை அது நிண்ட நிலையைப் பாத்தன்," என்றார் மெல்ல. "என்ரை மாடுகள் கூட அப்பிடி நிக்காது." மகள் அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, குழந்தையின் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டார்.

நாலு ட்ரம்மையும் கழற்றினேன். பெற்றோலில் கழுவி, லைனிங்கை அரத்தால் சுரண்டி, வெயிலில் காயவைத்தேன். பெரியவர் என் பக்கத்திலேயே குந்தியிருந்து கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். வண்டிக்கும் இப்படி ஒன்று பூட்டலாமா என்றும் கேட்டார். பூட்டியதும் எல்லோரையும் விலக்கிவிட்டுத் தானே முதலில் ஏறினார். கால் நீட்டி, தரையோடு தரையாக, சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. ஒழுங்கையால் ஓட்டினேன். வாய்க்கால் வளைவு வந்ததும் மாட்டுக்குச் சொல்வது போலக் கத்தினார்: "ஹோ!" மிதித்தேன். கீச்சிட்டு, நின்றது. "ஹோ!" என்றார் இன்னுமொருக்கால், திரும்பி வரும்போது, வேண்டுமென்றே. நின்றது. "கீச்சிடட்டும்," என்று இறங்கினார். "கதைக்கிற சனம் கதைக்கட்டும்."

இன்று என் பெயரில் மூன்று கராஜ். பிறேக் பார்க்க மகன்மார் கணினி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ பேரின் பெரிய பெரிய வாகனங்களை நிறுத்திக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு பிறேக் எதற்கு என்று எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது.

அன்று, இரண்டு பேர் கார் அல்லவா, திரும்பிப் போக எனக்கு இடம் இல்லை. பெரியவரோடு படலையில் நின்றேன். மடியில் குழந்தையோடு மகள் ஏறினார். "இஞ்சாருங்கோ, மெல்லப் போங்கோ," என்று அவர் சொன்னது கேட்டது. கார் நகர்ந்தது. வேலி முடியும் இடத்துக்குப் போயிருக்கும்.

"ஹோ!" என்றார் பெரியவர்.

மருமகன் மிதித்தார்; கார் அந்த இடத்திலேயே நின்றது. அவர் அவசரப்படவில்லை. நடந்து போய்க் குனிந்து, துணியை விலக்கிப் பேத்தியின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை," என்றார். "போங்கோ."