இடைவெளியில் இழுத்த கோடு

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் கோட்டக்கா. நசுங்கிப்போன கண் நரம்புக்கு மருந்து போட்ட பிறகு, எலியின் விழித்திரை செல்கள் புதிதாக விடும் இழைகளைத் திரையில் பார்த்துப் பார்த்து மின்பேனாவால் கோடிழுப்பதுதான் பிழைப்பு. வருடக்கணக்காக அதே நாற்காலி. கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது.

அந்த இழைகள் லேசில் சொன்ன பேச்சு கேட்பதில்லை. மூளைக்குப் போகாமல் ஒன்று வந்த வழியே திரும்பும். ஒன்று சுருண்டு படுத்துக்கொள்ளும். இன்னொன்று வேண்டாத கிளையெல்லாம் விட்டு நடுவழியில் நின்றுபோகும். சுருண்டதற்குக் கோபக்காரி, திரும்பியதற்கு மறதிக்காரன் என்று அங்கே பட்டப்பெயர்கூட உண்டு.

பட்டறை விபத்தில் கணவனுக்கும் அதே நரம்பு நசுங்கி இரண்டு கண்ணிலும் பார்வை போனபின் அந்தப் பெயர்களுக்கு அவளால் சிரிக்க முடிந்ததில்லை. தினமும் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கேட்பான்:

"இன்னிக்கு எவ்ளோ தூரம் போச்சு?"

"நல்லாத்தான் போகுது."

வேலை அலுப்பைவிட இந்தப் பொய்தான் அவளை அதிகம் வாட்டியது.

ஒரே செல்லை இருவர் தனித்தனியே வரைந்து, பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். அன்று பக்கத்து மேசைக்காரி கூப்பிட்டாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க."

அந்தப் பெண் வரைந்த கோடு இழை முடிந்த இடத்தில் நின்றிருந்தது. கோட்டக்காவின் கோடோ அதைத் தாண்டி, ஒன்றுமே இல்லாத இருட்டில் ஓடி, அந்தப் பக்கம் கிடந்த வேறோர் இழையைத் தொட்டிருந்தது.

"எதை வெச்சு இதைச் சேத்தீங்க?"

"தெரியலம்மா. கை அது பாட்டுக்குப் போயிருக்கு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதிகமாகப் போன கோட்டை அழித்தாள். இழை பாதி வழியில் தனியாக நின்றது.

சாயங்காலம் அவன் கேட்டபோது, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"போகலங்க. முளைக்குது, ஆனா வழி தெரியாம திரும்பிடுது. ரொம்ப நாளாவே இப்படித்தான். உங்ககிட்ட பொய் சொல்லிட்டிருந்தேன்."

அவன் சுவரைத் தடவிக்கொண்டு வந்து அவள் தோள்பையை வாங்கிக்கொண்டான்.

"தெரியும். உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு தெனமும் கேட்டீங்க?"

"நான் கேக்கறதை விட்டுட்டா, நீ அந்த நாற்காலில எதுக்காகப் போய் உக்காருவே?"

அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் கேளுங்க," என்றாள். "இனிமே உள்ளதைச் சொல்றேன்."