மரத்தின் பின்பக்கம்

இந்தக் காட்டில் விழுந்த மரத்தை அறுப்பதில்லை. நானூறு வயது மரம் சாய்ந்தால் அது பாட்டுக்குக் கிடக்கும். பாதைதான் சுற்றிப் போக வேண்டும். அந்த வளைவுகளை வெட்டுவது பாதைக்காரரின் வேலை. இருபத்தாறு வருடமாக அரிவாள், மண்வெட்டி, ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட். வழி காட்ட மரங்களில் கையகலக் கோடு இழுப்பார். ஆணி அடித்துப் பலகை மாட்டச் சொன்னால், "அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார்.

அவர் மனைவி தையல்காரம்மா. காட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஆனாலும் உள்ளே போனதில்லை. "தினம் ஒரு மரத்தைத்தான் வீட்டுல பார்க்கிறேனே" என்பார். மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, தனியாக மேலே ஏறிவிட்டார்.

ஓடைப்பாலத்தைச் சரிசெய்துவிட்டு மூன்று மணிக்குப் பாதைக்காரர் வாசலுக்கு வந்தபோது டிக்கெட் கொடுக்கும் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அண்ணே, அண்ணி காலையிலயே மேல போனாங்க. எல்லாரும் உச்சியிலருந்து ஜீப்ல இறங்கிட்டாங்க. அண்ணி மட்டும், ஜீப்னா குமட்டும், நடந்தே வர்றேன்னாங்களாம். இன்னும் காணோம். போனும் போகலை."

ஜீப்பில் உச்சிக்குப் போய் அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்கினார். புதிதாக விழுந்த மரத்தருகே கால் நின்றுவிட்டது. போன வாரம் அவரே போட்ட வளைவு. மேலிருந்து பார்த்தால் ஒரு மஞ்சள்கூட இல்லை. எப்போதும் கோடு போட்டுக்கொண்டே ஏறுவார், ஜீப்பில் இறங்குவார். மரங்களின் பின்பக்கத்தை நினைத்ததே இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது மான்தடம் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு, மனைவியைக் கூப்பிட்டபடியே ஓடினார்.

தடம் ஓடையில் முடிந்தது. தையல்காரம்மா பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்.

"வழி தப்பிட்டியா?"

"நான் எங்க தப்பினேன்? ஏறும்போது மரத்துக்கு மரம் மஞ்சள். இறங்கும்போது ஒண்ணுமில்லை. போனவங்க திரும்பி வரவே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"பயந்துட்டியாக்கும்."

"எனக்கென்ன பயம்? காடு முழுக்கக் கேக்கற மாதிரி கத்திக்கிட்டு ஓடி வந்தது யாராம்?"

மறுநாள் டப்பாவோடு கிளம்பியவரை அந்த அம்மா தனியே விடவில்லை. வளைவின் மேல்முனையில் நின்றுகொண்டு ஒவ்வொரு மரத்துக்கும், "தெரியலை, இன்னும் இடது பக்கம்" என்றார். ஏழாவது மரத்தில், "கோணல். பிரிச்சுட்டுத் திரும்பப் போடுங்க."

"பெயின்ட்டை எப்படிடீ பிரிக்கிறது?"

முனகிக்கொண்டே துணியால் துடைத்துவிட்டு நேராக இழுத்தார்.